ரத்தம் சொல்லும் சாட்சி

(தாராபுரம் வட்டாரத்தில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நாம் வழக்கமாகக் கூலியைப் பற்றிப் பேசுவோம். பஞ்சப்படியைப் பற்றிப் பேசுவோம். போனசைப் பற்றிப் பேசுவோம். இன்று ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். இது டாக்டர்கள் பேச வேண்டிய விஷயம் அல்லவா, கட்சிக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு மாதத்திற்கு முன்பு ஒரு பையன் நமது சங்க ஆபீசுக்கு வந்தான். அவனுடைய தகப்பனார் நூற்பாலையில் 22 வருஷமாக ரிங் பிரேம் பார்ப்பவர். இரவு ஷிப்டில் அவருக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. வாயுத் தொல்லையாக இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மிஷினை விட்டுவிட்டுப் போனால் அரை நாள் சம்பளம் போய்விடுமே என்று அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். விடிந்து ஷிப்ட் முடிந்த பிறகுதான், சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து, இடது தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தப் பையன் ஒரு சீட்டை என்னிடம் நீட்டினான். அதில் "சி.ஆர்.பி. 62" என்று போட்டு, பக்கத்தில் சிவப்பில் குறி வைத்திருந்தது. "அண்ணே, இதுக்கு என்ன அர்த்தம்? அப்பா தேறிடுவாரா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பத்தாவது வரை படித்தவன். ஆலை நிர்வாகத்தின் கணக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த எனக்கு, என் தோழனின் ரத்தக் கணக்கைப் படிக்கத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. நமக்கு வேண்டிய டாக்டர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். கேட்டேன், படித்தேன், மறுபடியும் போய்க் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

முள் குத்தினால் என்ன நடக்கிறது?

காட்டில் வேலை செய்யும்போது காலில் முள் குத்துகிறது. சற்று நேரத்தில் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. உடம்பு தன் பாதுகாப்புப் படையை அங்கே அனுப்பியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள்தான் அந்தப் படை. அவை கிருமியைக் கொல்லும். செத்துப்போன சதையை அப்புறப்படுத்தும். இதை டாக்டர்கள் அழற்சி என்கிறார்கள்.

படை ஓரிடத்தில் இறங்கியதும் இரசாயனச் செய்தி ஒன்று ரத்தத்தின் வழியே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் உடனே ஒரு புரோட்டீனைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. அதற்குப் பெயர்தான் சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சி.ஆர்.பி. உடம்பில் எங்கே தீப்பற்றினாலும் ஆறு மணி நேரத்திற்குள் இது ஏறத் தொடங்கும். தீ அணைந்துவிட்டால், ஏறக்குறைய 19 மணி நேரத்திற்கு ஒரு முறை பாதி பாதியாகக் குறையும்.

1930ஆம் ஆண்டில் நியூயார்க்கில், ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கூடத்தின் ஆஸ்பத்திரியில், டில்லெட், பிரான்சிஸ் என்ற இரண்டு டாக்டர்கள் நிமோனியாக் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். நோய் கடுமையாக இருக்கும்போது அது ரத்தத்தில் இருந்தது. நோயாளி குணமானதும் மறைந்துவிட்டது. நிமோனியாவுக்கு மட்டுமல்ல, மாரடைப்புக்கும் இது ஏறுகிறது என்பது பிற்பாடு தெரியவந்தது.

இருதயக் குழாயில் பற்றும் தீ

மாரடைப்பில் கிருமி இல்லையே, அங்கே தீ ஏன் பற்றுகிறது என்ற கேள்வி வரும்.

இருதயம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை இறைக்கிறது. அந்த இருதயத்திற்கே ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்கள் உண்டு. பல வருஷ காலத்தில் இந்தக் குழாய்ச் சுவருக்குள் கொழுப்பு புகுந்து தங்குகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகக் கருதி வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அவை கொழுப்பை விழுங்கி, விழுங்கியதைச் செரிக்க முடியாமல் அங்கேயே ஊதிச் சாகின்றன. சுவரில் ஒரு கட்டி உண்டாகிறது. மேலே ஒரு தோல், உள்ளே கொழுப்பும் செத்த அணுக்களும். அழற்சி அதிகமாக அதிகமாக அந்தத் தோல் மெலிந்துகொண்டே வருகிறது. பழுத்த கொப்புளம் போல ஒரு நாள் அது வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்கிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த தசை பட்டினியால் சாகத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு.

ஆகவே இங்கே இரண்டு தீ இருக்கின்றன. குழாய்ச் சுவரில் வருஷக்கணக்காகப் புகைந்தது முதல் தீ. செத்த தசையை அப்புறப்படுத்தப் படை இறங்கும்போது எரிவது இரண்டாவது தீ. மாரடைப்பு வந்தவரின் சி.ஆர்.பி. இரண்டு, மூன்று நாளில் உச்சத்திற்குப் போவதற்கு இரண்டாவது தீயே முக்கியக் காரணம். செத்த தசை எவ்வளவு அதிகமோ, பெரும்பாலும் எண்ணும் அவ்வளவு அதிகம். மிக உயரமாக ஏறியவர்களுக்குப் பிற்பாடு இருதயம் பலவீனமடைவதும் மரணம் நேர்வதும் அதிகமாக இருப்பதை டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். குழாய் சீக்கிரம் திறக்கப்பட்டால் தசை பிழைக்கிறது, எண்ணும் அவ்வளவு உயராது. நமது தோழருடைய 62க்கு இதுதான் அர்த்தம். அவர் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அந்த இரவு முழுவதும் அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது.

எந்தச் சீட்டு எதைச் சொல்லும்?

ஆஸ்பத்திரியில் பல சீட்டுகள் கொடுப்பார்கள். ஒன்றோடு ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது இ.சி.ஜி. இது ரத்தப் பரிசோதனை அல்ல. நெஞ்சில் வயரை ஒட்டிப் பத்து நிமிஷத்திற்குள் எடுத்துவிடலாம். பெரிய குழாய் அடைத்திருந்தால் பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது ட்ரோபோனின். இருதயத் தசை சேதமானால் அதிலிருந்து ரத்தத்தில் கசியும் பொருள் இது. முதல் இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாமல் போனாலும் சில மணி நேரத்தில் இது காட்டிக்கொடுக்கும். மூன்றாவதுதான் சி.ஆர்.பி. தீ எவ்வளவு பெரிது என்று இது சொல்லும். தீ எங்கே என்று சொல்லாது. பல் சீழ் பிடித்தாலும் ஏறும், காய்ச்சலிலும் ஏறும், மூட்டு வாதத்திலும் ஏறும். இ.எஸ்.ஆர்., வெள்ளை அணு எண்ணிக்கை என்ற பழைய பரிசோதனைகளும் இதே ஜாதியைச் சேர்ந்தவைதான்.

ஆகவே இதை நன்றாக மனதில் வையுங்கள். நெஞ்சு வலி வந்தவர் சி.ஆர்.பி. பார்க்க லாபுக்குப் போகக் கூடாது, இ.சி.ஜி. இருக்கும் இடத்திற்குப் போக வேண்டும். வலி வந்த முதல் மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறியே இருக்காது. அது சரியாக இருக்கிறதே என்று வீட்டுக்குப் போனவன் வழியில் விழுவான்.

குற்றவாளி அல்ல, சாட்சி

அப்படியானால் சி.ஆர்.பி.யால் என்ன பிரயோஜனம்?

1994இல் ரோம் நகரத்து டாக்டர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். மாரடைப்பின் வாசல்படியில் நின்ற நோயாளிகள் அவர்களிடம் வந்தார்கள். தசை இன்னும் சாகவில்லை, ஆனால் நெஞ்சு வலி அடங்கவில்லை. அவர்களில் ஆஸ்பத்திரியில் சேரும்போதே சி.ஆர்.பி. லிட்டருக்கு 3 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கே பிற்பாடு தொல்லைகள் அதிகம் வந்தன. தசை சாகாமலே எண் ஏறியிருந்ததால், முதல் தீயின் வெக்கை ரத்தத்தில் தெரிகிறது என்று ஆயிற்று. 1997இல் அமெரிக்காவில், நோயே இல்லாத ஆண்களின் பழைய ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சி.ஆர்.பி. அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு வந்திருந்தது.

இன்று டாக்டர்கள், நுட்பமான முறையில் அளந்து, 1க்குக் கீழே இருந்தால் அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்று கணக்கு வைக்கிறார்கள். 10க்கு மேல் இருந்தால் வேறு ஏதாவது காய்ச்சலோ புண்ணோ இருக்கிறதா என்று பார்த்து, அது ஆறிய பிறகு மறுபடியும் அளப்பார்கள்.

சி.ஆர்.பி.தான் குழாயை அடைக்கிறது என்று யாராவது உங்களிடம் மருந்து விற்க வந்தால் நம்பாதீர்கள். பிறவியிலேயே சி.ஆர்.பி. சற்று அதிகமாகச் சுரக்கும் உடம்பு உள்ளவர்களுக்கு அதனால் மட்டும் மாரடைப்பு கூடவில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. அது குற்றவாளி அல்ல. குற்றம் நடந்த இடத்தில் நின்ற சாட்சி.

பதவி இறங்க இறங்க

சாட்சி என்றால் யாருக்கு விரோதமாகச் சாட்சி சொல்கிறது? இங்கேதான் தோழர்களே, விஷயம் நம்முடைய மேடைக்கு வந்து சேருகிறது.

லண்டன் நகரத்தில் வைட்ஹால் என்பது சர்க்கார் ஆபீசுகள் இருக்கும் தெரு. அங்கே 1967இல் ஆண் ஊழியர்கள் ஏறக்குறைய 18,000 பேரைப் பரிசோதித்து, வருஷக்கணக்காகக் கவனித்து வந்தார்கள். அனைவரும் ஒரே ஊர், ஒரே எஜமானர், மாதச் சம்பளக்காரர்கள். இருந்தும், கடைநிலை ஊழியர்கள் இருதய நோயால் செத்த விகிதம் மேல்நிலை அதிகாரிகளைப்போல மூன்று மடங்குக்கும் மேல். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தாலும், அவை இந்த வித்தியாசத்தில் பாதியைக்கூட விளக்கவில்லை. 1985இல் இரண்டாவது ஆராய்ச்சி தொடங்கியது. இதில் ஆண்களும் பெண்களும் 10,000 பேருக்கு மேல். இவர்களுடைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, பதவி இறங்க இறங்க சி.ஆர்.பி. ஏறியிருந்தது!

பீடி சிகரெட்டும் தொந்தியும் இந்த எண்ணை ஏற்றும். உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கங்கள் வானத்திலிருந்து விழுந்தவையா? தூக்கத்தை விரட்டப் பீடி பிடிக்கிற இரவு ஷிப்ட் யாருடையது? ரேஷன் அரிசியும் ஊறுகாயும் மட்டும் தட்டில் விழும்படி கூலியை நிர்ணயித்தது யார்?

நேரத்தின் கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு அது. வாரத்தில் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைக் காட்டிலும், இருதயக் குழாய் நோயால் சாகும் அபாயம் 17 சதவீதம் அதிகம். நீண்ட வேலை நேரத்தால் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் இருதய நோயில் 3,47,000 பேரும் பக்கவாதத்தில் 3,98,000 பேரும் செத்தார்கள். இந்தக் கணக்கு வெளிவந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது! தொழிற்சங்கங்கள் கொடி வித்தியாசம் பாராமல் எதிர்த்து நின்றன. அந்த மே தினத்தன்றே மசோதா திரும்பப் பெறப்பட்டது. எட்டு மணி நேரத்தைக் காப்பாற்றுவதும் மாரடைப்புக்கு வைத்தியம்தான் என்று அன்றைக்கு நமக்குச் சொல்லத் தெரியவில்லை. இனிமேல் சொல்லுவோம்.

நம் காட்டில் பூக்கும் மருந்து

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, இனி உங்களுக்கு ஒரு செய்தி.

சாட்சி இருக்கிறது சரி, தீயை அணைக்க மருந்து இருக்கிறதா என்று விஞ்ஞானிகள் தேடினார்கள். மாரடைப்பு வந்து பிழைத்து, சி.ஆர்.பி. இறங்காமல் இருந்த 10,061 பேரிடம் கனகினுமாப் என்ற ஊசி மருந்தைச் சோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது. நடுத்தர அளவில் கொடுத்தபோது மறு மாரடைப்பு போன்ற ஆபத்துகள் 15 சதவீதம் குறைந்தன. தீயைத் தணித்தால் இருதயத்திற்கு நன்மை என்பது முதன்முதலாக நிரூபணம் ஆயிற்று. ஆனால் கிருமித் தொற்றால் சாவது சற்று அதிகரித்தது. மொத்த மரணம் குறையவில்லை. விலையோ வருஷத்திற்குப் பல லட்சம் ரூபாய்.

பிறகு ஒரு மலிவான மாத்திரையை எடுத்தார்கள். அதன் பெயர் கால்சிசின். வெள்ளை அணுக்களின் படையெடுப்பை அது மட்டுப்படுத்தும். மாரடைப்பு வந்து ஒரு மாதத்திற்குள் இருந்த 4,745 பேரிடம் தினம் அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த முடிவு 2019இல் வந்தது. மாத்திரை சாப்பிடாதவர்களில் 7.1 சதவீதம் பேருக்கு வந்த ஆபத்து, சாப்பிட்டவர்களில் 5.5 சதவீதம் பேருக்கே வந்தது. ஆனால் 2024இல் 7,000க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த இன்னொரு பெரிய சோதனையில் சி.ஆர்.பி. இறங்கியும் ஆபத்து குறையவில்லை. விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எண் இறங்கிவிட்டாலே ஆள் பிழைத்துவிடுவான் என்று சொல்ல முடியாது என்பதை நாம் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் கால்சிசின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? நமது மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் காடுகளில் பந்தல் கட்டி வளர்க்கிறோமே, கண்வலிக்கிழங்கு, அதன் விதையிலிருந்து எடுக்கிறார்கள்! செங்காந்தள் என்று பாட்டிலே புகழ்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் என்று பட்டம் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் காலை வெயில் ஏறுவதற்குள் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிற நம் தாய்மார்களுக்கு, தாங்கள் உலகத்திற்கு மருந்து விளைவிக்கிறோம் என்று யாரும் சொன்னதில்லை. விதை கடல் கடந்து போகிறது. கட்டுபடியான விலை வேண்டும் என்று விவசாயி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. கிழங்கும் விதையும் கொடிய விஷம். மருந்து என்று சொன்னேனே என்று யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது, உயிர் போய்விடும். மாத்திரையைக்கூட டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் சாப்பிட வேண்டும்.

ஏழையின் சாவுக்குக் காரணம்

2008இல் நம் நாட்டில் 50 நகரங்களில், 89 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பு வகை நோயோடு வந்த 20,468 பேரைப் பற்றிய ஆராய்ச்சி வெளியாயிற்று. வலி தொடங்கி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ஆன நேரம், நடுத்தரக் கணக்கில் ஆறு மணி. ஒரு மாதத்திற்குள் ஏழைகளில் 8.2 சதவீதம் பேர் செத்தார்கள்; பணக்காரர்களில் 5.5 சதவீதம். ஏழையின் உடம்பே அப்படியா? அல்ல. ஏழைகளுக்குச் சிகிச்சையும் மருந்தும் குறைவாகக் கிடைத்தன. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் நேர் செய்துவிட்டால் சாவின் வித்தியாசமும் மறைந்துவிட்டது.

நேர்செய்ய முடியும் என்பதற்கும் அத்தாட்சி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னை, கோயம்புத்தூர், வேலூர் பக்கங்களில் சிறு ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடும் ஆம்புலன்சோடும் இணைத்து நடத்திய ஏற்பாட்டில், 2,420 பேரைக் கவனித்தார்கள். ஒரு வருஷத்திற்குள் சாவு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்ததென்று 2017இல் அறிவித்தார்கள். 2023இல் தொடங்கிய சர்க்கார் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகளின் முதல் தவணையைக் கொடுத்து மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நல்ல ஏற்பாடு. நமது ஊர் நிலையத்தில் இந்த மாத்திரைகள் இருக்கின்றனவா, இ.சி.ஜி. மிஷின் ஓடுகிறதா, ராத்திரியில் அதை எடுக்க ஆள் உண்டா என்று நேரில் போய்ப் பார்ப்பது நமது கிளைகளின் கடமை.

என்ன செய்ய வேண்டும்?

நெஞ்சை அழுத்தினால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், காரணமின்றி வேர்த்துக் கொட்டினால், சோடா தேடாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் வெறும் மூச்சுத் திணறலாகவோ தாங்க முடியாத சோர்வாகவோகூட வரும். அப்போது மிஷினை நிறுத்துங்கள். பக்கத்துத் தோழன் விழும்போது ஓடிக்கொண்டிருக்கிற நூல் எந்த ஊருக்கும் வேண்டாம்.

பீடியை விடுங்கள். அதை விட்டால் தீ தணியும், அபாயம் இறங்கும். பல்லில் சீழ் இருந்தால் காட்டுங்கள். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழு உடல் பரிசோதனை என்று கட்டுக் கட்டாகச் சீட்டு விற்கிறவர்களிடம் காசை இழக்காதீர்கள்.

சங்கம் கேட்க வேண்டியவை மூன்று. நெஞ்சு வலிக்காக ஷிப்டின் நடுவில் வெளியேறுகிறவருக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. ஒவ்வொரு ஆலையிலும் இரவிலும் வண்டி தயாராக நிற்க வேண்டும். 1955இல் கோயம்புத்தூரில் தொடங்கி நம் பக்கத்துத் தொழிலாளிக்கு வந்த ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பு, கான்ட்ராக்ட் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும். காட்டு வேலை செய்கிறவருக்கு ஈ.எஸ்.ஐ.யே இல்லை. அவருக்கு அதற்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்று நாம் சேர்ந்து கேட்க வேண்டும்.

அந்தப் பையனிடம் நான் பிற்பாடு சொன்னது இதுதான்: "தம்பி, 62 என்பது உங்கப்பா உடம்பு செத்த தசையைச் சுத்தம் செய்யும் கணக்கு. அது இறங்கும். இறங்காவிட்டால் டாக்டரை விடாதே." ஒரு மாதம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். 4க்கு இறங்கியிருந்தது. அவர் இன்று இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ரிங் பிரேமில் நிற்க அவருக்கு இனி முடியாது. லேசான வேலை கொடுக்கும்படி நிர்வாகத்திடம் மனுக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. நாளைக் காலை 9 மணிக்கு அந்த மனுவின் பேரில் கேட் கூட்டம் இருக்கிறது. ஷிப்ட் முடிந்தவர்களும், காட்டு வேலைக்குப் போகிறவர்களும், எல்லோரும் வர வேண்டும்.